தகரத்தில் செய்த பொற்காலம்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. காலை நீட்டிக்கிறவங்க நீட்டிக்குங்க, இடம் இருக்கு. இன்னைக்குக் கவலையே இல்லாத ஒரு நாட்டுக் கதை சொல்லப்போறேன். பசி இல்லை, சண்டை இல்லை, ஒருத்தருக்கும் ஒரு வேலையும் இல்லை. அப்படிப்பட்ட கதை. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிங்க. வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு மட்டும் சிரிக்காதீங்க. இந்தக் கதை கேட்டுப் புரையேறினவர்கள் உண்டு.

அந்த நாட்டில் ஒரு புத்தக வரிசை இருந்தது. பாகம் பாகமாக வந்ததால் ஜனங்கள் அதைப் 'பாகங்கள்' என்றே சொன்னார்கள். வரப்போகும் காலத்தைப் பற்றிய கதைகள். அந்தக் காலத்தில் மனிதர்கள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார்கள். எல்லாவற்றையும் எந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். சாதாரண எந்திரங்கள் இல்லை. பேசும், சிரிக்க வைக்கும், மனசு சரியில்லை என்றால் நல்ல வார்த்தை சொல்லும். மனிதர்கள் பாடிக்கொண்டும் மலையேறிக்கொண்டும் காதலித்துக்கொண்டும் இருப்பார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் ஊரே உட்கார்ந்து படித்தது. நல்ல புத்தகங்கள்தான், பழுது சொல்ல முடியாது. நாட்டை ஆள்கிறவர்களும் படித்துவிட்டார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

எழுதினவர் அதற்குள் செத்துப்போயிருந்தார். இருந்திருந்தால், தன் புத்தகத்தைத் தானே தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அவரையும் உள்ளே வைத்திருப்பார்கள்.

வருங்காலத் துறை என்று ஒன்று தொடங்கினார்கள். அதற்குத் தலைவர், தலைமை வாசகர். அவருக்குக் கீழே வாசகர்கள், துணை வாசகர்கள், வாசகருக்கு விளக்குப் பிடிக்கிறவர்கள். ஒரு நாள் காலையில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டி, "வருங்காலம் வந்துவிட்டது, எல்லோரும் மகிழலாம்" என்று அறிவித்தார்கள். எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். தெரு நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தது.

குறை ஒன்றே ஒன்று. எந்திரங்கள் வந்து சேரவில்லை. அதைச் செய்யத் தெரிந்தவர் அந்த நாட்டில் யாருமில்லை. துறை இதற்கெல்லாம் கலங்குமா? "எந்திரம் என்றால் என்ன? வேலை செய்வது. இப்போது வேலை செய்வது யார்? அப்படியானால் எந்திரங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தகரம் மட்டும்தான் பாக்கி" என்று தலைமை வாசகர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள்.

யார் யார் எந்திரம் என்று பிரித்தார்கள். குப்பை அள்ளுகிறவர், மூட்டை தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், துவைக்கிறவர், இவர்கள் செய்வது உழைப்பு. ஆகவே எந்திரம். டாக்டர், நீதிபதி, துறையின் வாசகர்கள், இவர்கள் செய்வது உழைப்பு இல்லையாம், ஆர்வமாம். மனிதன் ஆர்வத்தால் எதையும் செய்யலாம் என்று மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. ஆகவே மனிதர்கள். வீட்டில் சமைக்கிற பெருக்குகிற பெண்களைப் பற்றிக் கேள்வி வந்தபோது துறை கொஞ்ச நேரம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் செய்வது வேலையே இல்லை என்று வெகுகாலத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது, ஆகவே அவர்களும் மனிதர்கள். பார்த்தீங்களா, எத்தனை சுலபமாக ஒரு மரியாதை கிடைத்துவிட்டது!

அந்த ஊர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒருத்தர் இருந்தார். ஊரில் அவருக்குச் சலவைக்காரர் என்றே பெயர். ரத்தமும் மருந்துமாக வரும் விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு, சலவைச் சோடா போட்டு, அடித்துப் பிழிந்து காயப்போடுவார். வாய்ப்பேச்சு குறைவு, தூக்கம் பிடிக்கும். அவருக்கு ஒரு மனைவி. மனைவிக்கு ஒரு தம்பி. பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் அந்தத் தம்பிக்காரனைத்தான் இருவரும் பிள்ளையாக வளர்த்தார்கள். அவன் படித்து, துறையில் துணை வாசகனுக்குத் துணையாகச் சேர்ந்திருந்தான். காலையில் சலவைக்கூட வாசலில் நின்று, உள்ளே போகிற எந்திரங்களுக்கு முதுகில் போல்ட்டு முறுக்குவது அவனுடைய ஆர்வம்.

முதல் நாள் மச்சானுக்கு அவன்தான் தகரம் மாட்டினான். நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தலைக்குக் கவிழ்த்த வாளி மாதிரி ஒன்று. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்குச் சல்லடை. போல்ட்டெல்லாம் முதுகில்தான். உள்ளே இருக்கிறவர் தானாகத் திறக்க முடியாது. எந்திரத்துக்கு உள்ளிருந்து திறக்கும் கதவு எந்தப் பாகத்திலும் கிடையாதாம்.

"கையைத் தூக்குங்க மச்சான். ஆங், இப்படி. குத்துதா?"

"அக்குள்ள குத்துதுடா."

"குத்தக் கூடாது மச்சான். எந்திரத்துக்குக் குத்தினதா எங்கயும் எழுதல."

"அப்ப எனக்கு எதுக்குடா குத்துது?"

"புதுசு இல்லையா? போகப் போக நீங்களும் தகரமாகிடுவீங்க."

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்திரக்கடை நடந்து வர்ற மாதிரி இருக்கு. உள்ளே நீங்கதானா, இல்ல வேற யாராவது வந்துட்டாங்களா?" என்றாள்.

"நான்தான். முதல்ல முதுகைச் சொறிஞ்சு விடு தாயே, அப்புறம் சிரி" என்றது வாளி.

அவள் ஸ்பேனரை எடுத்துக் கழற்றினாள். தகரத்துக்குள்ளிருந்து ஆவி வந்தது. உள்ளே மனுஷன் வெந்த காய் மாதிரி இருந்தார். அப்போது அவள் சிரிப்பு நின்றது.

சலவைக்கூடத்தில் நிஜமாகவே துவைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. பழசு, ஆனால் ஓடும். துறையிலிருந்து வாசகர்கள் வந்து அதன் முன்னால் நின்று, "வணக்கம்" என்றார்கள். மெஷின் கடகடவென்று ஆடியது. "எப்படி இருக்கிறாய்?" என்றார்கள். தண்ணீரைக் கக்கியது. "பேசத் தெரியவில்லை, நல்ல மனசும் தெரியவில்லை. இது எந்திரமே இல்லை" என்று தீர்மானித்து அதைத் தெருவில் தள்ளிவிட்டார்கள். அதன் பங்கையும் சலவைக்காரரே கையால் துவைத்தார்.

பாகங்களில் வரும் எந்திரங்கள் புத்திசாலிகள். ஆகையால், குடிமக்கள் எதிரே வந்து எதையாவது கேட்டால் எந்திரங்கள் ஆழமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. பட்டுத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் சலவைக்கூடத்துக்கு வந்து, ஈரத் துணிச் சுமையோடு நின்ற சலவைக்காரரை மறித்து, "எந்திரமே, இந்தப் பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா?" என்று கேட்டார்.

சலவைக்காரருக்குக் காதில் சரியாக விழுந்தது. பதில்தான் தெரியவில்லை. "சோடா தீர்ந்துபோச்சுங்க" என்றார்.

பெரியவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "தீர்ந்துபோச்சு... தீர்ந்துபோச்சு..." என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனவர், அதைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவு நிகழ்த்தினார். சோடா மட்டும் கடைசிவரை வரவில்லை.

வீட்டில் மனைவியின் பாடு வேறு. அவள் குடிமகள் அல்லவா, மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். மகிழ்ச்சியைச் சோதிக்கத் துறையிலிருந்து மேல்துண்டு போட்ட ஒரு அம்மாள் வருவாள்.

"உங்க ஆர்வம் என்னம்மா? என்ன செஞ்சு பொழுதைப் போக்கறீங்க?"

"பாத்திரம் தேய்க்கிறேன்."

"அருமை! வேற?"

"துடைக்கிறேன், பெருக்கறேன், அவருக்கு முதுகுல எண்ணெய் போடறேன். தோலெல்லாம் உரிஞ்சு கிடக்கு."

"யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

"எந்திரத்துக்குன்னு சொல்லுங்க. எந்திரத்துக்கு எண்ணெய் போடறது ரொம்ப உயர்ந்த ஆர்வம். முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்குங்க, நான் பார்த்துட்டுப் போகணும்."

இப்படியே போயிருந்தால்கூட ஒரு மாதிரி ஓட்டியிருப்பார்கள். ஒரு நாள் சலவைக்காரர் வீட்டுக்கு வரும் வழியில், தாகம் தாங்காமல் டீக்கடைக்காரரிடம் போல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். அந்தப் பக்கம் உலாவ வந்த ஒரு குடும்பம் பார்த்துவிட்டது. எந்திரத்துக்குள் வழுக்கைத் தலையும் மீசையும் இருப்பதைப் பார்த்து அந்த வீட்டு அம்மாள் மூர்ச்சையானாள். "என் மகிழ்ச்சி போச்சே" என்று புகார் கொடுத்தாள். துறை உடனே கூடியது. எந்திரம் தெருவில் நடமாடுவதால்தானே இந்த ஆபத்து? எந்திரத்துக்கு வீடு எதற்கு? சலவைக்கூடத்துப் பின்னால் கொட்டகை போட்டார்கள். வேலை முடிந்ததும் எந்திரங்கள் தகரத்தோடு அங்கேயே நிற்கும். வீடுகளில் இருந்த ஸ்பேனர்களையும் துறை வாங்கி வைத்துக்கொண்டது. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சுவர் ஆணியில் மாட்டுவார்கள். அதன் வழியாகச் சக்தி ஏறுகிறது என்று பொருள். சக்தி ஏறுவதால் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

வெறும் கயிறுதான் கண்ணுகளா. துணி காயப்போடக் கொடி கட்டுவோமே, அந்தக் கயிறு.

மனைவி தினமும் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோவாள். வாயிற்காவலர் கேட்டால், "எண்ணெய்" என்பாள். சல்லடையில் கரண்டியை வைத்து மெல்ல ஊற்றுவாள். உள்ளே போனது பாதி, தகரத்தில் வழிந்தது பாதி.

அப்படி ஊற்றும்போதுதான் ஒரு நாள் அந்த இருமலைக் கேட்டாள். தகரத்துக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரி.

"என்னங்க, இது எப்பலேருந்து?"

"ஆவி, ப்ளீச்சிங் பவுடர், எல்லாம் உள்ளேயே சுத்துது. வெளிய போக வழியில்ல. கொஞ்சம் காத்து வந்தா சரியாயிடும்."

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு எங்க இருக்குன்னே தெரியல. கதவைத் திறந்து வச்ச மாதிரி ஒரு நாள் கிடைச்சாப் போதும்டி. குப்புறப் படுத்துத் தூங்கிடுவேன்."

அவள் நேரே தம்பியிடம் போனாள். "உன் மச்சானைக் கழட்டிவிடுடா. மனுஷன் உள்ளேயே செத்துடுவார்."

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "அக்கா, மெதுவாப் பேசு. நான் கழட்டினா என் ஆர்வம் போச்சுன்னு எழுதிடுவாங்க. ஆர்வம் போனா அடுத்த தகரம் எனக்குத்தான். வேணும்னா, எந்திரத்துல இரைச்சல்னு மேல சொல்றேன். பழுது பார்க்க ஆள் அனுப்புவாங்க."

அனுப்பினார்கள். பழுது பார்க்க வந்தவனும் தகரத்துக்குள் இருந்தான். அவன் சலவைக்காரரின் நெஞ்சில் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டி, கழுத்து இடுக்கில் கிரீஸ் தடவினான். சல்லடையோடு சல்லடை வைத்து, "மன்னிச்சுக்க அண்ணே. எனக்கும் உள்ள இரைச்சல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மனைவி ஆஸ்பத்திரிக்குள்ளேயே போனாள். புருஷன் துவைத்த விரிப்பில்தான் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார். "இருமலைப் பற்றி எனக்கு ரொம்ப ஆர்வம் உண்டு அம்மா. ஆனால் தகரத்தின்மேல் குழாயை வைத்துக் கேட்டால் என் காதுதான் செவிடாகும். அவரைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், பிழைக்க வைத்துவிடுவேன். இப்போதே வந்தால் பிழைப்பார், தாமதித்தால் கஷ்டம்" என்றார்.

"யாரு கழட்டறது சாமி?"

"மனிதன் என்று துறை ஒப்புக்கொண்டால் துறையே கழற்றும்."

அதற்கு ஒரு வழி இருந்தது. ஆர்வப் பரீட்சை. தான் செய்வதை உழைப்பாக அல்ல, ஆர்வமாகத்தான் செய்கிறேன் என்று ஒரு எந்திரம் நிரூபித்துவிட்டால் அது மனிதனாகிவிடும். அதுவரை ஒரு எந்திரமும் தேறவில்லை. தம்பிக்காரன் எப்படியோ மச்சானுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். முந்தின நாளே வந்து சொல்லியும் கொடுத்தான்.

"மச்சான், கூசாம பொய் சொல்லுங்க. துவைக்கறது பேரின்பம்னு சொல்லுங்க. அழுக்குத் துணியைப் பார்த்தா மனசு துள்ளுதுன்னு சொல்லுங்க."

"துள்ளுது."

"இப்படி இல்ல, துள்ளிச் சொல்லுங்க."

"தகரத்தோட எப்படிடா துள்ளறது?"

பரீட்சை நடந்த அறையில் மெத்தை நாற்காலிகளில் மூன்று வாசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் தலையாட்டுபவர், மூன்றாமவர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி கதவோரம் நின்றாள்.

"ரத்தக்கறையைக் கண்டால் உனக்கு என்ன தோன்றும்?"

"பேரின்பமுங்க."

தலையாட்டுபவர் ஆட்டினார்.

"சீழ் படிந்த விரிப்பு?"

"மனசு துள்ளுதுங்க" என்று சொல்லி, தகரம் கிலுகிலுக்க ஒரு குதியும் குதித்தார் பாவம். இருமல் பிடுங்கிக்கொண்டு வந்தது. அடக்கினார். கதவோரம் நின்றவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"மிக்க மகிழ்ச்சி. இன்னும் ஒரே கேள்விதான். நாளையிலிருந்து நீ துவைக்க வேண்டியதே இல்லை என்றால் என்ன செய்வாய்?"

தம்பிக்காரன் இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாளி மெல்ல நிமிர்ந்தது. அப்புறம் ஒரு குரல் வந்தது. குழந்தை மிட்டாயைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"தூங்குவேனுங்க. வீட்டுல, பாயில, சட்டையில்லாம தூங்குவேன். அவ எழுப்பினாலும் எழுந்திருக்கமாட்டேன்."

கேள்வி கேட்டவர் பெருமூச்சு விட்டார். "பார்த்தீர்களா, ஆர்வமே இல்லை. உண்மையான மனிதனுக்குத் தூக்கம் ஒரு பொருட்டா?" என்று பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பினார். அவர் விழித்து, "ஆமாம், எந்திரம்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த படி தலைமை வாசகர்தான். மனைவி அவர் அறைக்கு முன்னால் காத்துக்கிடந்து, உள்ளே போனாள். அறை முழுக்கப் பாகங்கள். அவர் மென்மையானவர், கோபமே வராது. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், கொண்டுவந்து கொடுத்தது தகரம் மாட்டிய ஒரு ஆள்.

"அய்யா, அவருக்கு மூச்சு நிக்கப்போகுது. மூடியை மட்டும் திறந்துவிடுங்க. துவைக்கட்டும், சாகறவரைக்கும் துவைக்கட்டும். மூடி வேண்டாம்."

"அம்மா, உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. மனிதர்கள் எந்திரங்களை நேசிப்பது ஒன்பதாம் பாகத்திலேயே வருகிறது. அழகான இடம், நான் அழுதுவிட்டேன்."

"அவர் எந்திரம் இல்லங்க. என்னைக் கட்டிக்கிட்டவர்."

"அப்படிச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு மனிதனைப் பெட்டியில் அடைத்து, பட்டினி போட்டு, கயிற்றில் கட்டி வேலை வாங்குகிறோம் என்றாகிவிடும். அது அடிமைத்தனம். அடிமைத்தனம் கொடுமை அம்மா! நான் அதைக் கனவிலும் பொறுக்கமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், அவர் மனிதராக இருக்கவே முடியாது."

அவள் சுற்றியிருந்த பாகங்களைப் பார்த்தாள். கடைசியாக, "எந்திரத்துக்கு மூடி வேண்டாம்னு எதுலயாவது எழுதியிருக்காதாங்க?" என்று கேட்டாள்.

"இதுவரை வந்த பாகங்களில் இல்லை. அடுத்த பாகத்தில் இருந்தால் அன்றைக்கே திறந்துவிடுவோம்."

"எழுதினவர்தான் செத்துட்டாரே."

"ஆகவே நமக்கு அவசரம் ஒன்றும் இல்லை" என்று சிரித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அத்தனை மரியாதை.

அந்தச் சமயம் பார்த்து, வெளிநாடுகளிலிருந்து ஒரு குழு வந்தது. வருங்காலம் வந்த நாட்டைத் தாங்களும் பார்த்துக் கற்றுக்கொண்டு போக வேண்டுமாம். சலவைக்கூடத்தைக் கழுவிவிட்டார்கள், எந்திரங்களுக்கு வெள்ளி வர்ணம் பூசினார்கள். வர்ணம் பூசியவன் ஓட்டையெல்லாம் அசிங்கமாகத் தெரிகிறதே என்று சல்லடைகளின்மேலும் நன்றாக இழுத்துப் பூசிவிட்டான்.

குடிமக்கள் வரிசையில் மனைவியும் நின்றாள். மகிழ்ச்சியாக நிற்கவேண்டும் என்று கூட்டிவந்திருந்தார்கள்.

சலவைக்காரர் கொதிக்கிற தொட்டியிலிருந்து விரிப்பைத் தூக்கினார். தூக்கியவர் நின்றார். தகரத்துக்குள் அந்தக் கூழாங்கல் சத்தம் ஒரே உலுக்காக உலுக்கியது. முழங்கால் மடங்கியது. கை முதுகுப் பக்கம் போய்ப் போல்ட்டைத் தேடியது, எட்டவில்லை. "என்னங்க" என்று அவள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினாள். அவர் அவள் பக்கம் திரும்பி, கையை நீட்டி, விழுந்தார். விழுந்த பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. அவள் நகத்தால் வர்ணத்தைச் சுரண்டினாள். "காத்து, காத்து" என்று கத்தினாள். பிறகு எல்லாம் அடங்கியது.

விருந்தாளிகள் பிரமித்துப் போனார்கள். அவர்களில் மூத்தவர் கைகளைக் கூப்பிக்கொண்டு, "அற்புதம்! சாவைக்கூட இத்தனை தத்ரூபமாகச் செய்கிறதே! எங்கள் நாட்டில் நாங்கள் இன்னும் சக்கரத்தோடுதான் நிற்கிறோம்" என்றார்.

"எங்களுடையவை எல்லாவற்றையும் உணரும்" என்றார் தலைமை வாசகர் அடக்கமாக.

எல்லோரும் கைதட்டினார்கள். தம்பிக்காரனும் தட்டினான். அவன் பக்கத்தில் துணை வாசகர் நின்றார், தட்டாமல் என்ன செய்வான்?

விருந்தாளிகள் போனபின் டாக்டர் வந்து, தகரத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். "இறந்துவிட்டார்" என்றார். துறைக்குப் பெரிய சங்கடம் வந்தது. எந்திரம் பழுதாகும், இறக்காது. இறந்தால் மனிதன். அவசரமாகக் கூடி, விடிய விடியப் பாகங்களைப் புரட்டி, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். சலவைக்காரர் மனிதரேதான். அவள் தலைமை வாசகர் முன்னால் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். இப்போதாவது அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பாயில் படுக்கவைத்துக் கழுவலாம் என்று நினைத்தாள்.

"அம்மா, உங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது" என்றார் தலைமை வாசகர். "உங்கள் கணவர் மனிதர். இதை நாடே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பாருங்கள், ஒரு மனிதர் இத்தனை காலம் எந்திரத்துக்குள் நுழைந்துகொண்டு எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறார். எவ்வளவு பெரிய துரோகம்! விருந்தாளிகள் முன்னால் மானம் போயிருக்கும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் போய்விட்டார், அவரை என்ன செய்ய முடியும்? ஆனால் அவர் மனிதர் என்று உங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். நீங்களே என் முன்னால் உட்கார்ந்து சொன்னீர்கள். எண்ணெய் என்று சொல்லிக் கஞ்சி ஊற்றியிருக்கிறீர்கள். அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. நீங்கள் பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் தேய்ப்பதை எல்லாம் ஆர்வம் என்று நம்பியிருந்தோம். விசாரித்துப் பார்த்தால் ஒரு நாள்கூட நீங்கள் அதை ரசித்ததே இல்லையாம். அதுவும் உழைப்புதான் அம்மா. நாங்கள்தான் இத்தனை காலமும் மதிக்கத் தவறிவிட்டோம், மன்னியுங்கள். சலவைக்கூடத்தில் ஓர் எந்திரம் குறைகிறது."

அவர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்.

"அவரை எங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

இறந்தவர்கள் ஒளியில் கலந்துவிடுவார்கள் என்று பாகங்களில் இருப்பதாகவும், அவரையும் அதிகாலையிலேயே ஒளியில் கலந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்த ஊரில் அத்தனை பெரிய ஒளி சலவைக்கூடத்துக் கொதிகலனுக்கு அடியில்தான் உண்டு.

மறுநாள் காலை சலவைக்கூட வாசலில் அவள் நின்றாள். வேறு தகரம் செய்ய நேரமில்லை. அவருடையதையே துடைத்து வைத்திருந்தார்கள். முதுகுத் தகட்டின் உட்பக்கம் அவர் தோல்போல ஏதோ ஒட்டியிருந்தது, சவுக்கார வாசனையும் இருந்தது. அவளுக்கு அது பெரிதாக இருந்ததால் இடுப்பில் துணியை வைத்துத் திணித்தார்கள்.

முறுக்க வேண்டியவன் தம்பிதான். அன்றைக்கு வேறு யாரையாவது போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தானாம். "ஏன், ஆர்வம் குறைகிறதோ?" என்று துணை வாசகர் கேட்டிருக்கிறார். உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வாளியைக் கவிழ்த்தான். முதல் போல்ட்டைப் போட்டான், இரண்டாவதைப் போட்டான். மூன்றாவதில் ஸ்பேனர் வழுக்கியது. வழுக்கின இடம் அவள் தோள்.

யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, சல்லடைக்குப் பக்கத்தில் குனிந்தான். "அக்கா... வலிக்குதாக்கா?"

அவள் தகரத்துக்குள் தோளைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் அவள் சொன்னாள்.

"நல்லா முறுக்குடா கண்ணா. பாதியில விட்டா ஆடும், ஆடினா சத்தம் வரும். சத்தம் வந்தா உன்னைத்தான் திட்டுவாங்க."

அவனும் நல்லாவே முறுக்கினான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கண்ணைத் துடைச்சுக்குங்க, தண்ணி குடிங்க. உங்க வீட்டில் உழைக்கிற கைக்கு உட்கார ஒரு நேரம் கிடைக்கட்டும். இருமுகிறவர் முதுகை ஒரு கை தடவட்டும். களைச்சு வர்றவங்க பாயை விரிச்சுக் குப்புறப் படுத்து, யாரும் எழுப்பாம தூங்கட்டும். உங்க பிள்ளைகள் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கட்டும், அதில் ஒரு பக்கத்தைக்கூட அடுத்தவர் முதுகில் ஏற்றாமல் இருக்கட்டும். வீடு நிறைய ஆளும் பேச்சும் காற்றுமாக நல்லா இருங்க.